வைட்டமின் கே நிலையை எதைக் கொண்டு அளப்பது? ஆய்வுக்கு முன் ஓர் ஒப்பீடு

வைட்டமின் டி நிலை என்றால் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்ற ஒரே எண்ணைக் காட்டிப் பேச்சை முடித்துவிடலாம். வைட்டமின் கே விஷயத்தில் அது நடக்காது. உணவுக் கணக்கு, இரத்தத்தில் கே1 (கீரைகளில் மிகுந்திருக்கும் வைட்டமின் கே வடிவம்), ஐஎன்ஆர் (இரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு), பிவ்கா-2, கார்பாக்சிலேற்றமடையாத ஆஸ்டியோகால்சின், டிபி-யுசிஎம்ஜிபி, சிறுநீர்க் கழிவுப்பொருள்கள் என ஏழெட்டு அளவீடுகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரே ஆளிடம் அத்தனையையும் எடுத்துப் பார்த்தால், ஒன்று 'பற்றாக்குறை' என்னும், இன்னொன்று 'ஒரு குறையும் இல்லை' என்னும். இரண்டுமே சரியாக இருக்கலாம். கையில் இரண்டு பரிசோதனைகளுக்குத்தான் பணம் இருக்கிறது, எந்த இரண்டு என்று குழம்புகிறவர்களுக்காக இந்த ஒப்பீடு.

குழப்பத்தின் வேர் உயிர்வேதியியலில் இருக்கிறது. நாம் அறிந்தவரை வைட்டமின் கே-யின் தலையாய வேலை ஒன்றுதான். குறிப்பிட்ட சில புரதங்களில் இருக்கும் குளூட்டமேட்டின் மீது இன்னொரு கார்பாக்சில் குழுவை ஏற்றி, அந்தப் புரதம் கால்சியத்தைப் பிடிக்கும்படி செய்வது. கல்லீரலில் இரத்தம் உறையச் செய்யும் காரணிகள் 2, 7, 9, 10, அவற்றோடு புரதம் சி, புரதம் எஸ், எலும்பில் ஆஸ்டியோகால்சின், இரத்தக்குழாய்ச் சுவரில் எம்ஜிபி என்ற புரதம். வேலை ஒன்று, இடம் மூன்று. உணவிலிருந்து வரும் கே1-இல் பெரும்பங்கு முதலில் கல்லீரலுக்குப் போகிறது. வரத்து குறையும்போது கல்லீரல் தன் பங்கை எடுத்துக்கொள்ள, எலும்பும் இரத்தக்குழாயும் முதலில் காய்கின்றன. ஆகவே 'இவருக்கு வைட்டமின் கே போதுமா?' என்ற கேள்வி அரைக் கேள்விதான். 'எந்த உறுப்புக்கு?' என்பதையும் சேர்த்தால்தான் அது முழுமையாகும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் திசு: கல்லீரலா, எலும்பா, இரத்தக்குழாயா, அல்லது வெறும் வரத்தா. இரண்டாவது காலம்: நேற்றைய சாப்பாட்டைச் சொல்கிறதா, கடந்த சில வாரங்களைச் சொல்கிறதா. மூன்றாவது அசைவு: உட்கொள்ளும் அளவைக் கூட்டிக் குறைத்தால் எண் நகர்கிறதா. நான்காவது குறுக்கீடு: வைட்டமின் கே-க்குச் சம்பந்தமே இல்லாத எது எது அந்த எண்ணைத் தள்ளுகிறது. ஐந்தாவது கைவேலை: எந்தக் குழாய், எவ்வளவு மாதிரி, எந்தக் கருவி, அடுத்த ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட முடியுமா.

திட்டங்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது நான்காவதிலும் ஐந்தாவதிலும்தான். விலைப்பட்டியலில் அவை தெரிவதில்லை.

## உணவுக் கணக்கு

மலிவு. ஆயிரக்கணக்கானவர்களை 'அதிகம் சாப்பிடுகிறவர், குறைவாகச் சாப்பிடுகிறவர்' என்று வரிசைப்படுத்துவதற்குப் போதும். தனி ஒருவரின் நிலையைச் சொல்லப் போதாது.

கே1 ஒருசில உணவுகளிலேயே குவிந்திருக்கிறது: கீரைகள், பச்சை இலைக் காய்கள், சில தாவர எண்ணெய்கள். ஒரு தட்டுக் கீரை அன்றைய மொத்தத்தையே பல மடங்காக்கிவிடும். 24 மணி நேர நினைவுகூரல் ஒன்றை மட்டும் வாங்கினால், அளந்தது அந்த மனிதரின் பழக்கத்தை அல்ல, அந்த ஒரு நாளை. வினாத்தாள் வழியே போனால் கீரைக்கும் சமையல் எண்ணெய்க்கும் தனித்தனிக் கேள்விகள் வேண்டும். 'காய்கறிகள்' என்று ஒரே வரியில் கேட்பது வீண்.

மறைந்திருக்கும் செலவு உணவுக் கூறு அட்டவணையில் இருக்கிறது. கே1-க்கு ஓரளவு நல்ல தரவு உண்டு. மெனாகுவினோன்களுக்கு, அதாவது கே2 குடும்பத்துக்கு, தரவு மெலிவு. புளிக்கவைத்த உணவிலும் பாலாடைக்கட்டியிலும் எந்த பாக்டீரியா வேலை செய்தது என்பதைப் பொறுத்து அளவு மாறும். இதில் இன்னொரு சங்கடம்: அமெரிக்காவின் 2001-ஆம் ஆண்டு பரிந்துரை ஆண்களுக்கு 120, பெண்களுக்கு 90 மைக்ரோகிராம், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் பெரியவர்களுக்குச் சொன்னது 70. இரண்டுமே 'போதுமான உட்கொள்ளல்' வகை மதிப்புகள், நிறுவப்பட்ட தேவைகள் அல்ல. நம்பி நிற்கத்தக்க உயிர்க்குறியீடு இல்லாததே அதற்குக் காரணம். ஆகவே 'பரிந்துரைக்குக் கீழே இருப்பவர் பற்றாக்குறை உள்ளவர்' என்று எழுதாதீர்கள்.

## இரத்தத்தில் கே1 (ஃபில்லோகுவினோன்)

வரத்தைக் காட்டும் நேரடி அளவு இது. குறைத்தால் ஓரிரு நாளில் இறங்கும், கூட்டினால் ஏறும். அசைவில் குறையே இல்லை. காலம்தான் குறுகியது: ஏறக்குறைய கடந்த 24 மணி நேரத்தின் உணவு.

ஆரோக்கியமான பெரியவர்களிடம் வெறும் வயிற்றில் கிடைக்கும் மதிப்புகள் தோராயமாக 0.3 முதல் 2.6 நானோமோல்/லிட்டர். ஒரு நானோமோல்/லிட்டர் என்பது மில்லிலிட்டருக்கு 0.45 நானோகிராம். வைட்டமின் டி-யின் 50 நானோமோலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சொற்பம் என்று புரியும். அதனால்தான் சாதாரண மருத்துவ ஆய்வகம் இதைச் செய்வதில்லை. வழக்கமான முறையில், எத்தனாலால் புரதத்தை வீழ்த்தி, ஹெக்சேனில் பிரித்தெடுத்து, திடநிலைச் சுத்திகரிப்புக்குப் பின் எச்பிஎல்சி என்ற பிரித்தறியும் கருவியில் ஏற்றுவார்கள். பிரிந்து வரும் கே1 துத்தநாகத் தூள் நிரப்பிய சிறு குழலைக் கடக்கும்போது ஒடுக்கமடைந்து ஒளிரும் வடிவத்துக்கு மாறும். அந்தத் துத்தநாகம் தீரத் தீர உச்சிகள் குட்டையாகும். கரைப்பானில் ஆக்சிஜன் தங்கினால் ஒளிர்வு மங்கும். இரண்டையுமே 'மாதிரியில் கே1 குறைவு' என்று தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. அகத் தரப்பொருள் (ஒப்பீட்டுக்காகத் தெரிந்த அளவில் மாதிரியோடு கலக்கும் பொருள்) சேர்த்திருந்தால்தான் பிடிபடும். நிறைநிறமாலைமானி வைத்திருப்பவர்கள் டியூட்டீரியம் ஏற்றிய கே1-ஐத் தரப்பொருளாகப் போட்டு இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கிறார்கள்.

கொழுப்பில் கரையும் மற்ற வைட்டமின்களுக்குச் செய்வதுபோல் காரத்தைச் சேர்த்துக் கொழுப்பை நீக்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள், கே1 காரத்தில் சிதையும். ஒளியிலும் சிதையும். பிரித்தெடுக்கும் மேசையில் மஞ்சள் விளக்கும் பழுப்புக் குப்பிகளும் கட்டாயம்.

பெரிய குறுக்கீடு ட்ரைகிளிசரைடு. கே1 ட்ரைகிளிசரைடு நிறைந்த லிப்போபுரதங்களின் மேல் சவாரி செய்கிறது. வண்டி பெரிதானால் சுமையும் பெரிதாகத் தெரியும். கற்பனையாக இருவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்குக் கே1 0.9 நானோமோல்/லிட்டர், ட்ரைகிளிசரைடு 0.8 மில்லிமோல்/லிட்டர். இரண்டாமவருக்குக் கே1 1.4, ட்ரைகிளிசரைடு 2.8. நேரடியாகப் பார்த்தால் இரண்டாமவர் செழிப்பானவர். ஒரு மில்லிமோல் ட்ரைகிளிசரைடுக்கு எவ்வளவு என்று வகுத்தால் முதலாமவர் 1.1, இரண்டாமவர் 0.5. வரிசை தலைகீழ். உடல்பருமனோ நீரிழிவோ உள்ளவர்களிடம் ஆய்வு செய்துவிட்டு இந்தத் திருத்தம் இல்லாமல் முடிவு எழுதினால், உண்மையில் எழுதியது ட்ரைகிளிசரைடைப் பற்றித்தான்.

மெனாகுவினோன்களையும் அதே ஓட்டத்தில் அளக்கலாம், ஆனால் பலன் சமமில்லை. அவற்றில் எம்கே-7 என்ற வடிவம் இரத்தத்தில் சுமார் மூன்று நாள் அரைவாழ்வோடு தங்குவதால் தெளிவாகத் தெரியும். எம்கே-4 உணவளவில் கொடுத்தால் இரத்தத்தில் பெரும்பாலும் தென்படுவதே இல்லை. 'எம்கே-4 கண்டறியப்படவில்லை' என்பதைப் பற்றாக்குறையின் சான்றாகக் காட்டக்கூடாது.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி போதும்: கேக்வாஸ் திட்டத்தில் இருக்கிறீர்களா? 1996 முதல் நடந்துவரும் இந்த வெளித் தர உறுதித் திட்டம், ஒரே சீரத்தைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி முடிவுகளை ஒப்பிடுகிறது. அதில் பங்கெடுக்காத ஆய்வகத்தின் எண்ணைப் பிறர் எண்ணோடு வைத்துப் பேசுவது கடினம்.

## புரோத்ராம்பின் நேரமும் ஐஎன்ஆரும்

எங்கும் கிடைக்கும், சில நிமிட வேலை. ஊட்டச்சத்து ஆய்வுக்கு அநேகமாகப் பயனற்றது. புரோத்ராம்பின் அளவு இயல்பில் பாதிக்குக் கீழே போனபின்தான் நேரம் நீளத் தொடங்கும். அதற்குள் எலும்பும் இரத்தக்குழாயும் நெடுநாள் பட்டினி கிடந்திருக்கும். கல்லீரல் நோயிலும் நீளும் என்பதால் குறிப்பாகவும் சொல்லாது. வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்களைக் கண்காணிக்கவும், இரத்தம் கசியும் நோயாளியிடம் உடனடி முடிவெடுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

## பிவ்கா-2

கார்பாக்சிலேற்றம் முழுமையடையாமலே கல்லீரல் வெளியே விட்ட புரோத்ராம்பின் இது. ஐஎன்ஆர் அசைவதற்கு வெகு முன்பே ஏறிவிடும். கல்லீரல் நிலையைக் கேட்கும் ஆய்வுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது: பச்சிளங்குழந்தைகள், கொழுப்பு உறிஞ்சாத நோய்கள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், நீண்டகால ஆன்டிபயாடிக் சிகிச்சை.

இதற்கு இன்னொரு அரிய குணம் உண்டு. அரைவாழ்வு மூன்று நாளை ஒட்டி இருப்பதால், வைட்டமின் கே ஊசி போட்ட பிறகும் சில நாள் இரத்தத்தில் தங்கியிருக்கும். இரத்தக்கசிவோடு வந்த குழந்தைக்கு உடனே ஊசி போட்டுவிட்டார்கள், பரிசோதனைக் குழாய் மறுநாள்தான் வருகிறது என்றால், கே1 அளவால் அப்போது ஒன்றும் சொல்ல முடியாது. பிவ்கா-2 நடந்ததைச் சொல்லும்.

ஆரோக்கியமான பெரியவர்களிடம் இது ஊமை. வழக்கமான உணவு வேறுபாடுகளுக்குள் பெரும்பாலானவர்களின் மதிப்பு கண்டறியும் எல்லைக்குக் கீழேயே கிடக்கும். கல்லீரல் புற்றுக்கட்டி இருந்தால் வைட்டமின் கே நிறைய இருந்தும் எகிறும்; அதையே புற்றுநோய்க் குறியாகவும் பயன்படுத்துகிறார்கள். கிட் வாங்கும்போது இடறுவது இங்கேதான். சந்தையில் உள்ள பல கிட்களும் அவற்றின் வரம்புகளும் புற்றுநோயை மனத்தில் வைத்து அமைத்தவை. மில்லிலிட்டருக்கு 40 மில்லி அலகு என்ற புகழ்பெற்ற எல்லையைக் குழந்தைகளின் வைட்டமின் கே ஆய்வில் அப்படியே ஒட்டுவது தவறு. அலகுகளும் கிட்டுக்குக் கிட் வேறு. ஒரே ஆய்வில் பாதியில் கிட்டை மாற்றாதீர்கள்.

## கார்பாக்சிலேற்றமடையாத ஆஸ்டியோகால்சின்

எலும்பணுக்கள் சுரக்கும் 49 அமினோ அமிலப் புரதம். 17, 21, 24 என மூன்று இடங்களில் கார்பாக்சில் ஏற வேண்டும். வழக்கமான உணவு உண்ணும் ஆரோக்கியமானவர்களிடமும் ஒரு பங்கு ஏறாமலே இருக்கும் என்பதால் மேலேயும் கீழேயும் அசைய இடமிருக்கிறது. கே1 ஆகட்டும் எம்கே-7 ஆகட்டும், கொடுத்தால் சில வாரங்களில் இறங்கும். அசைவு என்ற அளவுகோலில் மிக நல்ல மதிப்பெண். ஆனால் எவ்வளவு இறங்கினால் எலும்புக்கு நன்மை என்பதற்கு ஏற்கப்பட்ட எல்லை இல்லை. இதை முழுதாகக் கார்பாக்சிலேற்ற நாளுக்கு 1000 மைக்ரோகிராம் அளவில் கே1 தேவைப்படுகிறது. எந்தப் பரிந்துரையும் அதன் அருகில்கூட வருவதில்லை.

மொத்த ஆஸ்டியோகால்சினையும் சேர்த்து அளந்து விழுக்காடாகச் சொல்வது கட்டாயம். ஏன் என்பதற்கு மறுபடியும் இரண்டு கற்பனை ஆட்கள். ஒருவருக்கு மொத்தம் 12 நானோகிராம்/மிலி, ஏறாதது 4.8. மற்றவருக்கு மொத்தம் 30, ஏறாதது 7.5. ஏறாததை மட்டும் பார்த்தால் இரண்டாமவர் மோசம். விழுக்காட்டில் முதலாமவர் 40, இரண்டாமவர் 25. இரண்டாமவருக்கு எலும்புப் புதுப்பிப்பு வேகமாக நடக்கிறது, அவ்வளவுதான். வளரும் குழந்தைகள், மாதவிடாய் நின்ற பெண்கள், ஸ்டீராய்டோ எலும்புத் தேய்வுக்கான பிஸ்பாஸ்போனேட் மருந்தோ எடுப்பவர்கள் கலந்த குழுவில் தனி எண் முழுக்கத் தப்புத் தகவல் தரும்.

அளக்க இரண்டு வழி. ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற எலும்புத் தாதுவோடு சீரத்தைக் கலக்கி, தாதுவில் ஒட்டாமல் மேலே மிஞ்சுவதை அளப்பது ஒன்று. நேரடியாக ஆன்டிபாடியால் பிடிப்பது மற்றது. தாது முறையில் ஒரே சோதனையால் மொத்தத்தையும் மிஞ்சியதையும் அளப்பதால் விழுக்காடு ஒத்துப்போகும். ஆனால் தாதுவின் ஒட்டும் திறன் பொதிக்குப் பொதி மாறும். புதுப் பொதி திறந்தால் பழைய கட்டுப்பாட்டுச் சீரத்தை ஓட்டி, தாதுவின் எடையைச் சரிசெய்த பிறகே மாதிரிகளில் கை வைக்க வேண்டும். ஆன்டிபாடி முறை சுலபம். ஆனால் ஏறாததற்கு ஒரு நிறுவனத்தின் கிட், மொத்தத்துக்கு வேறு நிறுவனத்தின் கிட் என்று வாங்கினால் விகிதத்துக்குப் பொருளே இராது. இரண்டும் புரதத்தின் வேறு வேறு பகுதியைப் பிடிக்கின்றன.

புரதமும் முரட்டுத்தனமானது அல்ல. சிவப்பணு உடைந்த மாதிரியிலும், அறை வெப்பத்தில் கிடந்த மாதிரியிலும், மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைத்த மாதிரியிலும் ஆஸ்டியோகால்சின் சிதைந்து குறையும்.

## டிபி-யுசிஎம்ஜிபி

பாஸ்பேட்டும் ஏறாத, கார்பாக்சிலும் ஏறாத எம்ஜிபி. இரத்தக்குழாய் சார்ந்த கேள்விகளுக்கு இப்போது எல்லோரும் ஓடுவது இதனிடம்தான். வைட்டமின் கே கொடுத்தால் அளவுக்கேற்ப இறங்குகிறது, வார்ஃபரின் கொடுத்தால் ஏறுகிறது. தானியங்கிக் கருவிச் சோதனையும் இருப்பதால் நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சீராக ஓட்டலாம்.

இரண்டு குறைகள். ஒன்று, ஆஸ்டியோகால்சின்போல் மொத்தத்தால் வகுக்கும் வழி இதற்கில்லை. உடல் எம்ஜிபி-யை அதிகம் சுரந்தாலும் எண் ஏறும். இரண்டு, சிறுநீரகம். வடிகட்டும் திறன் குறையக் குறைய இந்த எண் ஏறுகிறது, டயாலிசிஸ் நோயாளிகளிடம் மிக உயரத்தில் நிற்கிறது. அதில் எவ்வளவு வைட்டமின் கே குறைவால், எவ்வளவு சிறுநீரகத்தால் என்று பிரிக்க கிரியேட்டினினும் இஜிஎஃப்ஆரும் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் கணிப்பு) இல்லாமல் முடியாது. இளவயது ஆரோக்கியமானவர்களிடம் பலரின் மதிப்பு கருவியின் கீழெல்லையை ஒட்டியே வரும்; அங்கே வேறுபாடு தேடுவது வீண் செலவு.

ஆர்டர் கொடுக்கும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'மொத்த யுசிஎம்ஜிபி' என்ற இன்னொரு சோதனையும் உண்டு. அது நானோமோலில் வரும், டிபி-யுசிஎம்ஜிபி பிகோமோலில் வரும். முன்னது வைட்டமின் கே நிலையைச் சொல்வதல்ல.

குறிகாட்டி நகர்ந்தது என்றால் நோய் நகர்ந்தது என்று பொருளல்ல. டென்மார்க்கில் 365 ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் நடந்து 2022-இல் வெளியான அவடெக் ஆய்வில், நாளுக்கு 720 மைக்ரோகிராம் எம்கே-7-உம் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். டிபி-யுசிஎம்ஜிபி இறங்கியது. மகாதமனி வால்வில் சுண்ணாம்பு படியும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. மருந்து உடலில் வேலை செய்ததற்கு இது சாட்சி. அதற்கு மேல் இதன் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

## சிறுநீரில் கழிவுப்பொருள்கள்

கே1 ஆனாலும் கே2 ஆனாலும் பக்கச் சங்கிலி ஐந்து அல்லது ஏழு கார்பனாகக் குறுகி வெளியேறுகிறது. ஊசி குத்தாமல் அளக்கலாம் என்பதால் குழந்தைகளுக்கு ஏற்றது. மொத்த வரத்தைச் சொல்லும். எந்த வடிவம் என்று பிரித்துச் சொல்லாது. 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பும், செய்யத் தெரிந்த ஆய்வகம் கிடைப்பதும்தான் தடை.

## ஒரே பார்வையில்

| அளவீடு | எதைச் சொல்கிறது | காலம் | முக்கியக் குறுக்கீடு | மாதிரி |
|---|---|---|---|---|
| உணவு வினாத்தாள் | வரத்து | மாதங்கள் | அட்டவணையின் குறை, நினைவு | இல்லை |
| இரத்த கே1 | வரத்து | ஒரு நாள் | ட்ரைகிளிசரைடு, ஒளி | சீரம் அல்லது பிளாஸ்மா, வெறும் வயிறு |
| ஐஎன்ஆர் | கல்லீரல், முற்றிய நிலை | நாள்கள் | கல்லீரல் நோய், வார்ஃபரின் | சிட்ரேட் பிளாஸ்மா |
| பிவ்கா-2 | கல்லீரல், ஆரம்ப நிலை | சில நாள் | கல்லீரல் புற்றுநோய், வார்ஃபரின் | கிட் சொல்வது |
| ஏறாத ஆஸ்டியோகால்சின் % | எலும்பு | வாரங்கள் | எலும்புப் புதுப்பிப்பு, சிதைவு | சீரம் |
| டிபி-யுசிஎம்ஜிபி | இரத்தக்குழாய் | வாரங்கள் | சிறுநீரகம், வார்ஃபரின் | பிளாஸ்மா |
| சிறுநீர்க் கழிவு | மொத்த வரத்து | ஓரிரு நாள் | முழுமையற்ற சேகரிப்பு | 24 மணி நேரச் சிறுநீர் |

## எந்த ஆய்வுக்கு எந்த ஜோடி

வரத்தைச் சொல்லும் ஒன்று, வேலையைச் சொல்லும் ஒன்று என்று இணைப்பதே எங்கள் பரிந்துரை. ஒரே வகையில் இரண்டை வாங்குவது பணத்துக்குக் கேடு.

எலும்பு பற்றிய மாத்திரை ஆய்வு என்றால் கொடுத்த வடிவத்தின் இரத்த அளவும் ஏறாத ஆஸ்டியோகால்சின் விழுக்காடும். முன்னது மாத்திரையை விழுங்கினார்களா என்று காட்டிக்கொடுக்கும். எம்கே-7 கொடுத்தால் இரத்த அளவு நிலைபெற ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் இரத்தம் எடுத்து 'ஏறவில்லை' என்று எழுதுவது அவசரம். இரத்தக்குழாய் ஆய்வுக்கு ஆஸ்டியோகால்சின் இடத்தில் டிபி-யுசிஎம்ஜிபி, கூடவே இஜிஎஃப்ஆர். பச்சிளங்குழந்தைக்கும் உறிஞ்சாமை நோய்க்கும் பிவ்கா-2 முதலிடம், மாதிரி மிஞ்சினால் கே1. பெரிய மக்கள்தொகை ஆய்வில் ஒரே ஒருமுறை இரத்தம் எடுக்கிறீர்கள் என்றால் ட்ரைகிளிசரைடால் திருத்திய கே1-ஐக் குழுச் சராசரிக்கு வைத்துக்கொள்ளலாம். தனி ஆளை வகைப்படுத்த அந்த ஒற்றை எண் போதாது.

நீரிழிவு ஆய்வுக்கு ஏறாத ஆஸ்டியோகால்சினைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல். எலிகளில் அதே மூலக்கூறு இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனாகப் பேசப்படுகிறது, உயர் சர்க்கரையோ மொத்த ஆஸ்டியோகால்சினையே குறைக்கிறது. அளவுகோலே ஆட்டத்தில் சேர்ந்துவிடுகிறது. அங்கே டிபி-யுசிஎம்ஜிபி மேல்.

வார்ஃபரின் எடுப்பவர்களை எல்லா ஆய்விலிருந்தும் விலக்கிவிடுங்கள், அவர்களே ஆய்வுப்பொருளாக இருந்தாலொழிய. அவர்களுடைய புரதக் குறிகாட்டிகள் உணவை அல்ல, மருந்தைச் சொல்லும்.

## குழாய் விஷயம்

ஜோடியைத் தேர்ந்தெடுத்த பிறகு இரத்தம் எடுக்கும் நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடிடிஏ (இரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள்) குழாய் என்று சிக்கனம் பார்த்தால் தாது முறை ஆஸ்டியோகால்சின் போய்விடும்: இடிடிஏ கால்சியத்தைப் பிடுங்கித் தாதுவின் ஒட்டும் வேலையைக் குலைத்துவிடும். அதற்குச் சீரம் தனியாக வேண்டும். சிட்ரேட் குழாயில் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் சேர்கிறது. ஹிமாட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 45 விழுக்காடு என்றால் பிளாஸ்மா கிட்டத்தட்ட 5 பங்கு, திரவத்தோடு 6 பங்கு. அதாவது எந்த எண்ணும் ஆறில் ஒரு பங்கு குறைவாக வரும். ஒரு மையம் சிட்ரேட்டும் மறு மையம் இடிடிஏ-யும் பயன்படுத்தினால், இரு ஊர் மக்களுக்கும் இடையே 'வேறுபாடு' கண்டுபிடித்த பெருமை கிடைக்கும்.

பிரித்த உடனே அரை மில்லிலிட்டர் குப்பிகளாகப் பகிர்ந்து, கே1 குப்பிகளை அலுமினியத் தாளில் சுற்றி, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் தனிக் குப்பி, ஒருமுறை மட்டும் உருக்குவது. ட்ரைகிளிசரைடையும் கிரியேட்டினினையும் அன்றைய புது இரத்தத்திலேயே அளந்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்தத்துக்காக அவற்றைத் தேடும்போது, மிஞ்சியிருப்பது ஆஸ்டியோகால்சினுக்கென்று ஒதுக்கிய அந்தக் கடைசிக் குப்பியாகத்தான் இருக்கும்.